மருத்துவக் காப்பீடு எல்லோருக்கும் கட்டுப்படியாக என்ன செய்யலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவக் காப்பீட்டைச் சீர்திருத்த வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எப்படி என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பதில் வருகிறது. கம்பெனிகளைக் கட்டுப்படுத்து என்கிறார் ஒருவர், போட்டியைக் கூட்டு என்கிறார் இன்னொருவர், அரசே எடுத்து நடத்தட்டும் என்கிறார் மூன்றாமவர். இவற்றில் பெரும்பாலானவற்றை ஏதோ ஒரு நாடு ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டது. எது பலன் தந்தது, எது தரவில்லை என்பதை வைத்து இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

பிரீமியம் ஏன் ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போகிறது?

பாலிசி வைத்திருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து ஆஸ்பத்திரியிலும் லேபிலும் மருந்துக் கடையிலும் செலவழித்த தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். அது அடுத்த ஆண்டு எவ்வளவு ஏறும் என்று ஒரு கணிப்பைச் சேர்த்து, தலைக்கு இவ்வளவு என்று வகுத்தால் பிரீமியத்தின் பெரும்பங்கு வந்துவிடும். மீதி என்பது கம்பெனியின் நிர்வாகச் செலவு, ஏஜென்ட் கமிஷன், லாபம், வரி.

ஆக, பிரீமியம் ஏறுகிறது என்றால் பெரும்பாலும் சிகிச்சைச் செலவு ஏறுகிறது என்று அர்த்தம். புதிய மருந்துகள் வருகின்றன, ஆயுள் கூடுகிறது, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருபது முப்பது வருடம் கூடவே வருகின்றன. இன்னொரு காரணமும் உண்டு. ஆரோக்கியமாக இருப்பவர்கள் பாலிசியை விட்டு விலகினால், செலவு ஒரு பைசா ஏறாவிட்டாலும் மீதி இருப்பவர்களின் பிரீமியம் ஏறும். இந்த இரண்டு கதவுகளையும் ஒன்றாக அடைக்காமல் ஒன்றை மட்டும் அடைத்த சீர்திருத்தங்கள்தான் பெரும்பாலும் சறுக்கியிருக்கின்றன.

காப்பீட்டுக் கம்பெனிகளின் லாபத்துக்கு உச்சவரம்பு வைத்தால் போதாதா?

வைக்கலாம், வைக்கவும் வேண்டும். அமெரிக்காவில் 2010இல் வந்த சட்டப்படி, தனிநபர்களுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் பாலிசி விற்கும் கம்பெனி, வசூலித்த பிரீமியத்தில் குறைந்தது 80 சதவீதத்தைச் சிகிச்சைக்கும் அதன் தரத்தை உயர்த்துவதற்கும் செலவழிக்க வேண்டும். பெரிய நிறுவனங்களுக்கான பாலிசிகளில் அது 85 சதவீதம். குறைந்தால் மிச்சத்தை வாடிக்கையாளருக்குத் திருப்பித் தர வேண்டும். நல்ல விதிதான்.

ஆனால் அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. 20 சதவீதம்தான் எடுத்துக்கொள்ளலாம் என்றால், அந்த 20 சதவீதம் பெரிதாக வேண்டுமானால் மொத்தத் தொகை பெரிதாக வேண்டும். ஆஸ்பத்திரி பில் ஏறுவதை எதிர்த்துப் போராட கம்பெனிக்கு இருக்கும் ஆர்வம் கொஞ்சம் மழுங்கிவிடுகிறது.

சுவிட்சர்லாந்தைப் பாருங்கள். அங்கே அடிப்படை மருத்துவக் காப்பீட்டில் கம்பெனிகள் லாபமே எடுக்கக் கூடாது. 1996இல் நடைமுறைக்கு வந்த சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அப்படியிருந்தும் 2024ஆம் ஆண்டுக்கான பிரீமியம் சராசரியாக 8.7 சதவீதம் உயர்ந்தது. லாபத்தை மொத்தமாக எடுத்துவிட்ட நாட்டிலேயே இந்த நிலை என்றால், செலவின் வேர் வேறு எங்கோ இருக்கிறது.

நான் ஆரோக்கியமாக இருக்கிறேன். மற்றவர்களின் நோய்க்கு நான் ஏன் பணம் கட்ட வேண்டும்?

இது நியாயமான கேள்வி, மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வியும்கூட. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நூறு பேர் கொண்ட ஒரு குழு, ஆண்டு மருத்துவச் செலவு 100 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் சமமாகக் கட்டினால் ஆளுக்கு ஒரு பங்கு. ஆனால் செலவு சமமாக நடப்பதில்லை. அமெரிக்கக் கணக்குகளில், ஓர் ஆண்டில் அதிகம் செலவாகும் 5 சதவீதம் பேருக்கே மொத்தச் செலவில் ஏறக்குறைய பாதி போகிறது. நம் குழுவில் அது ஐந்து பேருக்கு 50 பங்கு, அதாவது ஆளுக்குப் பத்து.

இப்போது எப்போதாவது ஒரு காய்ச்சலோடு முடிந்துவிடும் முப்பது பேர், நமக்கு எதற்கு என்று விலகிப் போகிறார்கள். அவர்கள் மொத்தமாகச் செலவழித்தது 2 பங்கு என்று வைப்போம். மீதி 98 பங்கை எழுபது பேர் சுமக்க வேண்டும். பிரீமியம் ஒன்றிலிருந்து 1.4 ஆகிவிட்டது, ஒரே அடியில் 40 சதவீதம் ஏற்றம். இதைப் பார்த்து இன்னும் இருபது பேர் விலகுவார்கள், பிரீமியம் மறுபடி ஏறும். கடைசியில் குழுவில் மிஞ்சுவது நோயாளிகள் மட்டும்தான். அவர்கள் கட்ட வேண்டிய பிரீமியம் ஆஸ்பத்திரி பில்லுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். பொருளியலாளர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இல் எழுதிய, பின்னாளில் அவருக்கு நோபல் பரிசு வாங்கித் தந்த கட்டுரையிலேயே, முதியோருக்குக் காப்பீடு கிடைக்காமல் போவதற்கு இதைத்தான் காரணமாகக் காட்டினார்.

அப்புறம் இன்னொன்று. இந்த ஆண்டு அந்த ஐந்து பேரில் நீங்கள் இல்லை, சரி. அடுத்த ஆண்டு யார் என்று யாருக்கும் தெரியாது. ஒரு விபத்து போதும். விலகிப் போன முப்பது பேரில் ஒருவர் ஐந்தாண்டு கழித்துத் திரும்பி வந்து நின்றால், அவருக்குக் கதவைத் திறப்பது அந்த எழுபது பேரின் பணம்தான்.

அதற்காக எல்லோரையும் கட்டாயப்படுத்தத்தான் வேண்டுமா?

ஏதோ ஒரு வகையில் எல்லோரையும் உள்ளே கொண்டுவர வேண்டும். அது இல்லாமல், நோய் இருப்பவருக்கும் ஒரே பிரீமியம் என்று மட்டும் சட்டம் போட்டால் என்ன ஆகும் என்பதை 1990களில் நியூயார்க், நியூஜெர்சி மாநிலங்கள் அனுபவித்துப் பார்த்தன. தனிநபர் பாலிசி எடுத்தவர்களின் எண்ணிக்கை கரைந்தது, பிரீமியம் எகிறியது. நோக்கம் நல்லதுதான், ஆனால் பாதி வேலைதான் நடந்திருந்தது.

ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, நெதர்லாந்து எல்லாம் சட்டப்படி கட்டாயமாக்கிவிட்டன. ஆஸ்திரேலியா வேறு வழியில் போனது. அங்கே எல்லோருக்கும் அரசுத் திட்டம் உண்டு, தனியார் காப்பீடு அதற்கு மேல் விருப்பப்பட்டவர்களுக்கு. இளைஞர்கள் சேராமல் தள்ளிப்போடுவதைத் தடுக்க 2000இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். 30 வயதைத் தாண்டி எத்தனை வருடம் தாமதிக்கிறீர்களோ, ஒவ்வொரு வருடத்துக்கும் 2 சதவீதம் கூடுதல் பிரீமியம். பத்து வருடம் தொடர்ந்து கட்டினால் அந்தக் கூடுதல் நீங்கிவிடும்.

சிங்கப்பூரில் 2015 நவம்பரில் தொடங்கிய மெடிஷீல்டு லைஃப் திட்டத்தில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் தானாகவே சேர்ந்துவிடுகிறார்கள், ஏற்கெனவே நோய் இருப்பவர்கள் உட்பட. கடுமையான நோய் உள்ளவர்கள் பத்தாண்டுக்கு 30 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும். வெளியே நிறுத்துவதைவிட இது எவ்வளவோ மேல்.

அபராதம் போட்டு மிரட்டுவதைவிட, தானாகச் சேர்த்துவிட்டு, கட்ட முடியாதவருக்குப் பங்கை அரசு கட்டுவது நல்ல வழி என்பது என் கருத்து. பணம் இல்லாததால் பாலிசி எடுக்காதவரிடம் அபராதம் கேட்பது கொடுமை.

அதிகம் செலவாகும் நோயாளிகளைத் தனித் திட்டத்தில் வைத்தால் மற்றவர்களுக்குக் குறையுமே?

குறையும். ஆனால் அந்தத் தனித் திட்டத்துக்கு யார் பணம் போடுவது? அமெரிக்காவின் பல மாநிலங்கள் 2014க்கு முன்பு இதைச் செய்து பார்த்தன. நிதி போதாமல் காத்திருப்புப் பட்டியல், கூடுதல் பிரீமியம், செலவுக்கு உச்சவரம்பு என்று இழுபறியாகத்தான் இருந்தது.

இதையே நோயாளியைப் பிரிக்காமல் செய்ய ஒரு வழி இருக்கிறது. நோயாளி அதே பாலிசியில் இருப்பார், மிகப் பெரிய பில்களை மட்டும் ஒரு பொது நிதி ஏற்றுக்கொள்ளும். மறுகாப்பீடு என்பார்கள். அலாஸ்கா மாநிலம் 2017இல் இதைத் தொடங்கியது, அடுத்த ஆண்டே அங்கே தனிநபர் பிரீமியம் இறங்கியது. தன் பில் வேறு கணக்கில் போகிறது என்பது நோயாளிக்குத் தெரியவே தெரியாது. அதுதான் இதில் எனக்குப் பிடித்தது.

கம்பெனிகள் ஆரோக்கியமானவர்களை மட்டும் பொறுக்கி எடுப்பதை எப்படித் தடுப்பது?

யாரையும் மறுக்கக் கூடாது என்று சட்டம் போடுவது முதல் படி. அது மட்டும் போதாது, ஏனென்றால் மறுக்காமலேயே விரட்ட ஆயிரம் வழி இருக்கிறது. பாலிசி செல்லுபடியாகும் ஆஸ்பத்திரிகளின் பட்டியலில் புற்றுநோய் ஆஸ்பத்திரியைச் சேர்க்காமல் விட்டாலே போதும்.

நோயாளி தன்னிடம் வருவது கம்பெனிக்கு நஷ்டமாக இல்லாமல் செய்துவிட்டால் இந்தத் தொல்லை பெருமளவு தீரும். ஜெர்மனியில் சந்தா முழுவதும் ஒரு பொது நிதிக்குப் போகிறது. அங்கிருந்து ஒவ்வொரு காப்பீட்டு நிதியத்துக்கும், அதன் உறுப்பினர்களின் வயது, நோய் இவற்றைக் கணக்கிட்டுப் பணம் பிரித்துத் தருகிறார்கள். 2009 முதல் இந்த முறை. இரண்டு சர்க்கரை நோயாளிகளை வைத்திருக்கும் நிதியத்துக்கு அதற்கேற்ற பணம் வந்துவிடும். நெதர்லாந்திலும் இப்படித்தான். போட்டி என்பது இந்த ஏற்பாடு இருந்தால்தான் நல்ல சேவைக்கான போட்டியாக இருக்கும்.

முதல் செலவை நாமே ஏற்கும் பாலிசி எடுத்தால் பிரீமியம் நன்றாகக் குறைகிறதே, அதுதானே எளிய வழி?

டிடக்டிபிள் என்று சொல்லும் அந்தத் தொகையை உயர்த்தினால் பிரீமியம் குறையும், உண்மைதான். பிரீமியத்தில் குறைந்த அந்தத் தொகை எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும்.

மருந்துக் கடையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு பெரியவரை மறக்க முடியவில்லை. கையில் ஒரு மாதத்துக்கான சீட்டு. கடைக்காரர் தொகையைச் சொன்னதும், சட்டைப் பையில் இருந்ததை எடுத்து எண்ணிப் பார்த்தார். "பத்து நாளுக்கு மட்டும் குடுங்க தம்பி" என்றார். அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு, "பிரஷர் மாத்திரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டா தப்பில்லையே?" என்று கேட்டார். அவரிடம் பாலிசி இருந்தது. அந்த மாத்திரை அவர் டிடக்டிபிளுக்குள் வந்ததால் பாலிசியால் அன்று அவருக்கு எந்த உதவியும் இல்லை. அதே பாலிசி, அவருக்குப் பக்கவாதம் வந்தால் லட்சக்கணக்கில் கொடுக்கும்.

இதை முறையாகச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1974 முதல் 1982 வரை ரேண்டு ஆய்வு நிறுவனம், பொருளியலாளர் ஜோசப் நியூஹவுஸ் தலைமையில், ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் குலுக்கல் முறையில் வெவ்வேறு காப்பீட்டுத் திட்டங்களில் வைத்துப் பார்த்தது. கையிலிருந்து பெரும்பங்கு கட்ட வேண்டியிருந்தவர்களின் செலவு, எல்லாம் இலவசமாகப் பெற்றவர்களைவிட ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. கவனிக்க வேண்டிய விஷயம் அடுத்ததுதான். தேவையில்லாத சிகிச்சையை எந்த அளவு குறைத்தார்களோ, தேவையான சிகிச்சையையும் அதே அளவு குறைத்துவிட்டார்கள். சராசரி மனிதரின் உடல்நிலையில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் வருமானம் குறைந்த, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இலவசத் திட்டத்தில்தான் அழுத்தம் கட்டுக்குள் இருந்தது.

எந்தச் சிகிச்சை தேவை, எது தேவையில்லை என்று நோயாளி தானே பிரித்தறிய வேண்டும் என்று எதிர்பார்ப்பது சரியல்ல. அதற்குத்தான் டாக்டரிடம் போகிறோம்.

ஆகவே கைக்காசு பங்கு முற்றிலும் வேண்டாம் என்று சொல்லவில்லை, அதை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. நெதர்லாந்தில் டிடக்டிபிள் உண்டு, ஆனால் குடும்ப டாக்டரைப் பார்ப்பதற்கு அது கிடையாது. ஜப்பானில் பெரும்பாலானவர்கள் பில்லில் 30 சதவீதம் கட்ட வேண்டும், ஆனால் வருமானத்தைப் பொறுத்து மாதத்துக்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது, அதற்கு மேல் பங்கு மிகச் சொற்பம். நாள்பட்ட நோய்களுக்கான அன்றாட மருந்துகளையும் முதல்நிலை டாக்டரையும் டிடக்டிபிளுக்கு வெளியே எடுத்துவிட வேண்டும். இந்த ஒன்றையாவது எல்லாப் பாலிசியிலும் கட்டாயமாக்கலாம்.

சிகிச்சையின் விலையை எப்படிக் குறைப்பது?

மொத்த விவகாரத்திலும் இதுதான் கடினமான இடம்.

பணக்கார நாடுகளில் அமெரிக்காதான் மருத்துவத்துக்கு மிக அதிகம் செலவழிக்கிறது. அங்கே மக்கள் அளவுக்கு மீறி ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். ஊவே ரெய்ன்ஹார்ட் உள்ளிட்ட பொருளியலாளர்கள் 2003இல் மற்ற நாடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது அப்படி இல்லை என்று தெரிந்தது. டாக்டரைப் பார்ப்பதும், படுக்கையில் தங்கும் நாட்களும் மற்ற நாடுகளைவிட அதிகம் இல்லை. ஒவ்வொன்றின் விலைதான் அதிகம்.

ஏன் அதிகம்? ஒரே ஆஸ்பத்திரி, ஒரே அறுவை சிகிச்சை, ஒரே டாக்டர். ஆனால் ஒவ்வொரு காப்பீட்டுக் கம்பெனியும் தனித்தனியாகப் பேரம் பேசுகிறது. ஊரில் இருக்கும் மூன்று ஆஸ்பத்திரிகளும் ஒரே முதலாளி கையில் போய்விட்டால் பேரம் எங்கே? அந்த ஆஸ்பத்திரி இல்லாமல் அந்த ஊரில் பாலிசி விற்க முடியாது என்பது இரண்டு தரப்புக்கும் தெரியும். கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு, பிரீமியத்தில் ஏற்றிவிடுவதுதான் கம்பெனிக்குச் சுலபம்.

ஜப்பான் இந்தப் பேரத்தையே எடுத்துவிட்டது. 1961இலேயே எல்லோருக்கும் காப்பீடு வந்த நாடு அது. அங்கே காப்பீட்டு அமைப்புகள் நிறைய உண்டு, ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலானவை தனியார். ஆனால் விலைப்பட்டியல் நாடு முழுவதற்கும் ஒன்றே. ஒவ்வொரு சிகிச்சைக்கும் இத்தனை புள்ளி, ஒரு புள்ளிக்கு 10 யென். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அரசும் மருத்துவர் தரப்பும் காப்பீட்டுத் தரப்பும் உட்கார்ந்து திருத்துகிறார்கள். எதற்கு அளவுக்கு மீறிச் செலவு போகிறதோ அதன் புள்ளியைக் குறைக்கிறார்கள்.

அமெரிக்காவிலேயே மேரிலாந்து மாநிலம் 1970களிலிருந்து ஆஸ்பத்திரிக் கட்டணத்தை ஓர் ஆணையத்தின் மூலம் நிர்ணயித்து வருகிறது. யார் பணம் கட்டினாலும் அந்த ஆஸ்பத்திரியில் அந்தச் சிகிச்சைக்கு ஒரே கட்டணம். 2014 முதல் இன்னும் ஒரு படி மேலே போய், ஆஸ்பத்திரிக்கு ஆண்டுக்கு இவ்வளவு மொத்த வருமானம் என்று முன்கூட்டியே வரையறுத்தார்கள். படுக்கையை நிரப்பினால்தான் வருமானம் என்ற நிலை அதோடு மாறியது. நோயாளி திரும்பத் திரும்ப வராமல் பார்த்துக்கொண்டால் ஆஸ்பத்திரிக்கு லாபம்.

என்னைக் கேட்டால், மருத்துவக் காப்பீட்டைக் கட்டுப்படியாக்க இதற்கு ஈடான சீர்திருத்தம் வேறு இல்லை. விலைப்பட்டியல் பொதுவாக இருந்தால் காப்பீடு தனியாரா அரசா என்ற சண்டையின் சூடு பாதி தணிந்துவிடும்.

விலையை நிர்ணயித்தால் ஆஸ்பத்திரிகள் மூடிவிடாதா?

கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால் மூடும், சிறிய ஊர் ஆஸ்பத்திரிகள்தான் முதலில் மூடும். செலவுக்குக் கீழே விலை வைத்தால் அந்தச் சிகிச்சையைத் தர யாரும் முன்வர மாட்டார்கள், அல்லது வேறு பெயரில் பில் போடுவார்கள். அதனால்தான் உண்மையான செலவுக் கணக்கு வேண்டும், அடிக்கடி திருத்தம் வேண்டும், பேச்சுவார்த்தையில் மருத்துவர்களும் இருக்க வேண்டும்.

விலைகளை வெளிப்படையாகப் பலகையில் போட்டால் மக்களே மலிவான இடத்தைத் தேடிக்கொள்ள மாட்டார்களா?

ஸ்கேன், கண்புரை, மூட்டு மாற்று போன்ற, நாள் பார்த்துச் செய்யும் சிகிச்சைகளில் ஓரளவு உதவும். அமெரிக்க ஆஸ்பத்திரிகள் 2021 ஜனவரி முதல் விலைகளை வெளியிட்டாக வேண்டும் என்று விதி இருக்கிறது. வெளிப்படைத்தன்மை அவசியம்தான். ஆனால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸில் போகிறவர் எங்கே விலை விசாரிப்பார்?

விசாரித்தவரும் தப்ப முடியாத இடம் ஒன்று உண்டு. ஒருவர் எல்லாம் கேட்டு, தன் பாலிசியின் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியையே தேர்ந்தெடுக்கிறார். அறுவை சிகிச்சை நிபுணரும் பட்டியலில் இருக்கிறார். மேஜையில் படுத்த பிறகு மயக்க மருந்து கொடுக்க ஒரு டாக்டர் வருகிறார். அவர் பட்டியலில் இல்லை. நோயாளி அவர் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார், கேட்கும் நிலையிலும் இல்லை. இரண்டு மாதம் கழித்து அவரிடமிருந்து தனி பில் வருகிறது. இது அமெரிக்காவில் அவ்வளவு சாதாரணமாக நடந்ததால், அவசர சிகிச்சையிலும் இப்படிப்பட்ட சந்தர்ப்பங்களிலும் நோயாளியிடம் கூடுதலாகக் கேட்கக் கூடாது என்று ஒரு சட்டம் 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. சண்டையை டாக்டரும் கம்பெனியும் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டும், நோயாளியை இழுக்கக் கூடாது. எந்த நாட்டிலும் இப்படி ஒரு விதி இருக்க வேண்டும்.

மருந்து விலைக்கு என்ன செய்யலாம்?

மொத்தமாக வாங்குவது பழைய வழி, இன்றும் பலிக்கிற வழி. 1990களின் நடுவில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டிய மருந்துகளை, பிராண்டு பெயரில் இல்லாமல் மூலப்பெயரில், ஒரே இடத்தில் டெண்டர் விட்டு வாங்கத் தொடங்கியது. பின்னால் பல மாநிலங்கள் அதைப் பார்த்துப் பின்பற்றின.

ஒரே மாதிரி வேலை செய்யும் மருந்துகளை ஒரு தொகுப்பாக வைத்து, காப்பீடு இவ்வளவுதான் தரும், அதற்கு மேலான பிராண்டு வேண்டுமானால் வித்தியாசத்தை நீங்கள் கட்டுங்கள் என்பது இன்னொரு வழி. ஜெர்மனி 1989இலிருந்து செய்கிறது. அமெரிக்கா 2022இல்தான் முதியோர் காப்பீடான மெடிகேருக்கு மருந்துக் கம்பெனிகளோடு விலை பேசும் அதிகாரத்தைச் சட்டமாக்கியது, அதில் முதல் பத்து மருந்துகளின் விலை 2026இல் நடைமுறைக்கு வந்தது. மெடிகேர் நோயாளிகளுக்கு இன்சுலின் மாதம் 35 டாலருக்கு மேல் போகக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் வந்தது.

தாய்லாந்து 2002இல் எல்லோருக்கும் மருத்துவத் திட்டம் கொண்டுவந்த பிறகு, ஒரு புதிய மருந்தோ சிகிச்சையோ கொடுக்கும் விலைக்குத் தகுந்த பலனைத் தருகிறதா என்று ஆராயவே தனி அமைப்பை உருவாக்கியது. அதன் ஆய்வை வைத்துக்கொண்டு கம்பெனிகளிடம் விலையைக் குறைக்கச் சொல்ல முடிகிறது. வேண்டாம் என்று சொல்லத் தயாராக இருப்பவரிடம்தான் விற்பவர் விலையைக் குறைப்பார், மருந்தும் அதற்கு விலக்கில்லை.

அரசே ஒரே காப்பீடாக நடத்தினால்?

நடத்தலாம், நன்றாகவும் நடத்தலாம். தைவான் 1995இல் பல திட்டங்களை ஒன்றாக்கி ஒரே தேசியக் காப்பீடாக மாற்றியது. எல்லோருக்கும் ஒரு சிப் அட்டை, ஒரே பில் படிவம். நிர்வாகச் செலவு மிகக் குறைவு, காரணம் எளிது: ஐம்பது கம்பெனிக்கு ஐம்பது விதமாக பில் எழுத ஆள் வைக்க வேண்டியதில்லை.

அங்கே போய்ச் சேரும் வழிதான் கரடுமுரடு. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் ஒரே அரசுக் காப்பீட்டுக்குச் சட்டமே போட்டது. தேவைப்படும் வரியைக் கணக்குப் பார்த்த ஆளுநர் பீட்டர் ஷம்லின் 2014 டிசம்பரில் கைவிட்டார். அதே ஆண்டு சுவிட்சர்லாந்து மக்களும் வாக்கெடுப்பில் ஒரே பொதுக் காப்பீடு வேண்டாம் என்றார்கள். இதுவரை பிரீமியமாகவும் கைக்காசாகவும் சிதறிக் கிடந்த செலவு, ஒரே வரியாகக் கண்ணெதிரே வந்து நிற்கும்போது மக்கள் மிரள்கிறார்கள். மொத்தத்தில் குறைவாகவே கட்டுவார்கள் என்றாலும் அந்தப் பயம் இயல்பானது, அதை மதித்துத்தான் பேச வேண்டும்.

ஒரே காப்பீடு என்றால் எல்லாம் அடங்கும் என்பதும் இல்லை. கனடாவில் டாக்டருக்கும் ஆஸ்பத்திரிக்கும் பொதுக் காப்பீடு பணம் தருகிறது, வெளியே வாங்கும் மருந்துகளுக்குப் பலர் தனியார் காப்பீட்டைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

நோய்த் தடுப்பில் கவனம் செலுத்தினால் செலவு குறையுமா?

தடுப்பூசி போன்ற சில விஷயங்களில் குறையும். பெரும்பாலான பரிசோதனைகள் பணத்தை மிச்சப்படுத்துவதில்லை, உயிரைக் காப்பாற்றுகின்றன. அவற்றைச் செய்ய அந்தக் காரணமே போதும்.

பிரீமியத்தின் மீதான வரியை எடுத்தால்?

உடனே தெரியும் நிவாரணம் அது. இந்தியாவில் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டது. ஆனால் கம்பெனி தன் செலவுகளுக்குக் கட்டிய வரியை இனி கழித்துக்கொள்ள முடியாது, அது அடிப்படைப் பிரீமியத்தில் ஏற வாய்ப்பு உண்டு. அதோடு, வரி நீக்கம் ஒருமுறைதான். சிகிச்சைச் செலவு ஆண்டுதோறும் ஏறினால் சில ஆண்டுகளில் பழைய இடத்துக்கே வந்துவிடுவோம்.

ஏழைகளுக்கு மானியம் கொடுப்பதில் எது நல்ல முறை?

வருமானத்தில் இத்தனை சதவீதத்துக்கு மேல் யாரும் கட்ட வேண்டாம் என்பது. ஜெர்மனியில் சந்தாவையே சம்பளத்தில் இத்தனை சதவீதம் என்றுதான் வாங்குகிறார்கள். பொதுவான விகிதம் 14.6 சதவீதம், அதோடு நிதியத்துக்கு நிதியம் மாறும் கூடுதல் தொகை, தொழிலாளியும் முதலாளியும் பாதிப் பாதி. அதிகச் சம்பளம் வாங்குபவர் ஓர் உச்சவரம்பு வரை அதிகம் கட்டுகிறார், சிகிச்சை எல்லோருக்கும் ஒன்று. அன்றைய ஜெர்மன் சான்சலர் பிஸ்மார்க் 1883இல் தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய ஏற்பாட்டின் நீட்சி இது.

சுவிட்சர்லாந்தில் தலைக்கு இவ்வளவு என்று பிரீமியம், வருமானம் குறைந்தவர்களுக்கு மாநில அரசு மானியம். மாநிலத்துக்கு மாநிலம் மானியம் மாறுகிறது, நடுத்தர வர்க்கம் நடுவில் மாட்டிக்கொள்கிறது. பிரீமியம் வருமானத்தில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற யோசனை 2024 ஜூன் வாக்கெடுப்பில் தோற்றது. எதிர்த்தவர்கள் சொன்ன காரணத்தில் ஒன்றை ஒதுக்கிவிட முடியாது: சிகிச்சைச் செலவைக் கட்டுப்படுத்தாமல் மானியம் மட்டும் கொடுத்தால், ஏறும் பில் அரசின் தலையில் விழும், அவ்வளவுதான் மாறும்.

காப்பீடு இருந்தால் உண்மையிலேயே வாழ்க்கை மாறுகிறதா? இவ்வளவு பாடுபட வேண்டுமா?

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலம் 2008இல் வருமானம் குறைந்தவர்களுக்கான காப்பீட்டில் இடம் போதாமல் குலுக்கல் போட்டது. அதனால் காப்பீடு கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் நியாயமாக ஒப்பிட முடிந்தது. இரண்டு ஆண்டுக்குள் ரத்த அழுத்தத்திலோ சர்க்கரை அளவிலோ திட்டவட்டமான மாற்றம் தெரியவில்லை, அதை மறைக்கத் தேவையில்லை. மனச்சோர்வு குறைந்தது. குடும்பத்தையே கவிழ்க்கும் பெரிய மருத்துவச் செலவு கிட்டத்தட்ட இல்லாமல் போனது. பில்லுக்காகக் கடன் வாங்குவது குறைந்தது. இரவில் தூக்கம் வருவதற்கு இவையெல்லாம் எவ்வளவு முக்கியம் என்பது ஆஸ்பத்திரிக் கடனோடு வாழ்ந்தவர்களுக்குத் தெரியும்.

மலிவான பாலிசிகள் விற்க அனுமதித்தால் ஆளுக்கேற்ற தேர்வு இருக்குமே?

எதை வெட்டி மலிவாக்கினார்கள் என்று பார்க்க வேண்டும். மகப்பேறு கிடையாது, மனநல சிகிச்சை கிடையாது, ஏற்கெனவே இருக்கும் நோய்க்குச் சில ஆண்டு காத்திருக்க வேண்டும், புற்றுநோய்க்கு ஒரு சின்ன வரம்பு என்றால் பிரீமியம் குறையத்தான் செய்யும். அந்தச் செலவு நோயாளி வீட்டுக்கு இடம் மாறியிருக்கிறது, குறையவில்லை. குறைந்தபட்சம் இவையெல்லாம் இருக்க வேண்டும் என்ற ஒரு பொதுப் பட்டியலைச் சட்டம் வைத்துவிட்டு, அதற்கு மேல் தனி அறை, வெளிநாட்டுச் சிகிச்சை போன்றவற்றில் ஆளுக்கொரு தேர்வு வைத்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. எதில் தொடங்கலாம்?

நான் தொடங்குவதாக இருந்தால், நோயாளிக்கு நாளையே தெரியும் இரண்டில் தொடங்குவேன். அன்றாட மருந்தையும் குடும்ப டாக்டரையும் டிடக்டிபிளுக்கு வெளியே எடுப்பது ஒன்று, பட்டியலில் இல்லாத டாக்டரின் திடீர் பில்லைத் தடை செய்வது இன்னொன்று. இவை பிரீமியத்தைக் கொஞ்சம் ஏற்றும், அதைச் சொல்லிவிட்டே செய்ய வேண்டும். அந்த ஏற்றத்தைச் சமாளிக்க, பெரிய பில்களுக்கான பொது நிதியை அரசு கூடவே கொண்டுவர வேண்டும்.

இவை நடக்கும்போதே விலைப்பட்டியல் வேலையைத் தொடங்க வேண்டும், அது ஆண்டுக்கணக்கில் நடக்கும் வேலை. முதலில் அதிகம் நடக்கும் இருபது, முப்பது சிகிச்சைகளை எடுத்துக்கொள்ளலாம். பிரசவம், கண்புரை, டயாலிசிஸ், குடல்வால் அறுவை சிகிச்சை. இவற்றுக்கு ஓர் ஆஸ்பத்திரி யாரிடம் எவ்வளவு வாங்குகிறது என்ற கணக்கைச் சட்டப்படி கேட்டு வாங்கி, பொதுவில் வைத்து, அதிலிருந்து ஒரே கட்டணத்தை நோக்கி நகர வேண்டும்.

அந்தக் கணக்கு பெரும்பாலும் நம் வீட்டு பீரோக்களில்தான் கிடக்கிறது. ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள் ஒவ்வொருவரும், ஒவ்வொரு வரியும் தனித்தனியாகப் போட்ட முழு பில்லைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மொத்தத் தொகை மட்டும் எழுதிய ஒற்றைத் தாளோடு திரும்பி வராதீர்கள்.